நாற்பத்தொரு தற்குறிகள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. ஏழாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம், நான்காவது பாடம், 'முற்காலச் சமூகமும் சமயமும்'. பாடத்தின் நடுவே ஒரு கட்டம் கட்டி, அதற்குள் முந்நூறு சொல்லில் ஒரு குட்டிக்கதை வேண்டுமாம். பாடநூல் அலுவலகத்தில் பதினாறு வருடமாகப் பிழை திருத்துகிறவன் நான். இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாசித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே, கதைதானே, இவர் எழுதிவிடுவார் என்று என் தலையில் கட்டினார்கள்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நல்ல மனிதர், உட்காரச் சொல்லித்தான் பேசுவார். அந்நியர் வருவதற்கு முன் நாமெல்லாம் ஒரு தாய் பிள்ளைகளாக இருந்தோம், பிரித்ததெல்லாம் பிறகு வந்தவர்கள், அது பிள்ளைகள் மனதில் பதிகிற மாதிரி ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்றார். கிளம்பும்போது கூப்பிட்டு ஒன்று சேர்த்துச் சொன்னார்.

"சாதிங்கற வார்த்தை வரவேணாம். தொழில்னு போட்டுக்கங்க."

நான் தயக்கத்தோடு தலையாட்டினேன். [தயக்கத்தோடு என்பதை அடித்துவிடுகிறேன். தயக்கமெல்லாம் இல்லை. தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.]

2

முதல் தொடக்கம்: அழகிய ஆற்றங்கரையில் ஓர் ஊர் இருந்தது. அங்கே பல தொழில் செய்வோர் ஒற்றுமையாக —

விட்டுவிட்டேன். ஒற்றுமையாக என்று எழுதிவிட்டால் அதற்குமேல் கதையில் நடக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது தொடக்கம்: ஓலை எழுதுகிறவர் அன்று காலை எழுத்தாணியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது அவர் மனம் ஏனோ —

இதையும் விட்டேன். காரணம் கொஞ்சம் வெட்கக்கேடானது. யாரைப் பற்றி எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. கை தானாக எழுத்தாணி பிடித்தவர் வீட்டுக்குப் போய்விட்டது. ஊருக்கே ஓலை எழுதிக் கொடுத்த பரம்பரை நாம் என்று என் அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். ஆதாரம் கேட்டால் ஒன்றும் கிடையாது. பெருமைக்கு எதற்கு ஆதாரம்? கதை எழுத உட்கார்ந்தாலும் நாம் முதலில் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறோம்.

மூன்றாவது தொடக்கம்தான் நின்றது. அது கிணற்றிலிருந்து ஆரம்பிக்கிறது.

3

ஊருக்கு வெளியே, ஒரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், நாற்பத்தொரு வீடுகள். செத்த மாட்டை எடுத்துவந்து தோலை உரித்து, சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, மயிர் நீக்கி, பிறகு மரப்பட்டை ஊறிய குழியில் மாதக்கணக்கில் போட்டுப் பதப்படுத்துகிறவர்கள் அங்கே இருந்தார்கள். குடிக்க ஒரே கிணறு. குழிகளின் சாறு மண்ணுக்குள் இறங்கி இறங்கிக் கடைசியில் கிணற்றுக்கே வந்து சேர்ந்துவிட்டது. தண்ணீர் பழுப்பாக இருக்கும், நாக்கில் துவர்க்கும். பெரியவர்களுக்குப் பழகிவிட்டது. குழந்தைகளுக்குப் பழகுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஊர்க்குளம். நான்கு பக்கமும் கல் படி. அடிமண் தெரிகிற தண்ணீர். அதில் அவர்கள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் வைத்ததில்லை.

குடியிருப்பின் தலைவனுக்குத் திக்குவாய். பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். ஆகவே அவன் யோசிப்பான், மனைவி பேசுவாள். புருஷனைவிட அரை முழம் உயரமாக இருந்ததால் அவளுக்கு நெட்டச்சி என்று பேர். அவள் தங்கை இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து மூன்றாவதை எட்டு மாதக் குழந்தையாகக் கையில் வைத்திருந்தாள். அதற்கும் வயிற்றுப்போக்கு ஆரம்பித்திருந்தது.

[இதை வாசித்ததும் எதிர் மேசைக்காரி நிமிர்ந்தாள். புத்தகத்தின் பக்கங்களை வடிவமைக்கிறவள்; எது எங்கே வரவேண்டும் என்று கணினியில் அடுக்குகிறவள். முதல் வரைவில் தோல்காரர்கள் 'கூரிய சிறு கத்தி' வைத்திருந்தார்கள். "சின்னக் கத்தி இல்ல சார். பிறை மாதிரி வளைஞ்சிருக்கும், ரெண்டு முனையிலயும் பிடி. தோலைக் கட்டையில போட்டு ரெண்டு கையாலயும் இழுக்கணும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்பா தோல் ஷெட்டில் இருந்தவர் என்றாள். பதினொரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கத்தியைத் திருத்திக்கொண்டேன்.]

4

அந்த வருடம் நாட்டைப் புதிதாக ஓர் ஆளுநர் பிடித்தார். வேறு மொழி, வேறு கும்பிடு. அரைக் காத தூரத்தில் முகாம் போட்டார். தோல்காரர்களுக்கு அதனால் லாபமே: சேணமும் கடிவாள வாரும் வேண்டுமென்று முகாமிலிருந்து நேராக வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே ஆள் வரும். ஊரைக் கேட்க வேண்டிய அவசியமில்லை.

ஊர்க் கோயிலின் முன்னால் ஒரு பெரிய மண்டபம். குதிரைகளுக்கு நிழல் வேண்டும், அதை ஒழித்துக்கொடுங்கள் என்று ஆளுநர் சொல்லியனுப்பினார். ஊர்ப் பெரியவர் ஓடினார். அவருக்குத் துணையாக ஓலை எழுதுகிறவர். ஆளுநருக்கும் இவர்களுக்கும் நடுவே இரண்டு மொழியும் தெரிந்த துபாஷி ஒருவர் நின்று மாற்றி மாற்றிச் சொன்னார். மண்டபம் ஊருக்கே பொது என்றார் பெரியவர். அதற்குள் எத்தனை வீட்டார் போவீர்கள் என்று கேள்வி வந்தது. பெரியவர் பொய் சொல்ல வாய்திறந்து, முடியாமல், அறுபது என்றார். ஆளுநர் சிரித்தாராம். அறுபது வீட்டுக்கு எதற்கு இத்தனை பெரிய மண்டபம், என் குதிரைகளே இருநூறு. ஊரே கேட்கிறது என்றால் ஊரே குறி போட்டு மனுக் கொடுக்கட்டும், பார்க்கலாம்.

இப்படித்தான் ஊருக்கு முதல்முறையாக ஊர் முழுவதும் தேவைப்பட்டது.

மனுவில் இன்னொரு சிக்கல். கீழே குறியிட்டவர்கள் என்று ஓலை எழுதுகிறவர் ஒவ்வொரு சாதியாக, அதனதன் வரிசைப்படி எழுத ஆரம்பித்தார். நாலு ஓலை ஆகியும் முடியவில்லை. எல்லோரையும் சேர்த்துச் சொல்ல அவரிடம் ஒரு சொல் இல்லை. அப்படி ஒரு சொல் அதுவரை எதற்கும் வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு நீளப் பட்டியலை ஆளுநர் வாசிக்க மாட்டார் என்றார் துபாஷி. எங்கள் பாஷையில் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பேர் இருக்கிறது, இந்து என்று, அதைப் போடுங்கள்.

என்ன அர்த்தம் என்று ஓலை எழுதுகிறவர் கேட்டார்.

"பெரிசா ஒண்ணுமில்ல. வடக்கே ஒரு ஆறு இருக்கு. அதுக்கு இந்தப் பக்கம் இருக்கறவங்க."

எழுதினார். ஒரே சொல்லில் நாலு ஓலை மிச்சமானது.*

* இந்தச் சொல் யார் வாயில், எப்போது, என்ன அர்த்தத்தில் ஏறியது என்று அறிஞர்கள் இன்னும் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் கதையில் அது ஒரு மதியானத்தில், எழுத இடம் போதாமல் வருகிறது. இது கற்பனை. யாரும் மேற்கோள் காட்டிவிட வேண்டாம். எதிர்த்து வழக்கும் போட வேண்டாம்.

5

பெரியவர் பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாய்க்காலைத் தாண்டினார். மூக்கைத் துண்டால் மூடவில்லை. அதை எல்லோரும் கவனித்தார்கள். அதைவிட, அவர் பேசிய விதத்தைக் கவனித்தார்கள். வழக்கமாக அந்தப் பக்கத்து ஆள் எழுபது வயதுக் கிழவனாக இருந்தாலும் 'ஏய்', 'வாடா'. அன்றைக்கு 'வாங்க' என்றார். நெட்டச்சியைப் பார்த்து 'தாயி' என்றார். மண்டபம் நம் எல்லோருக்கும் சொந்தம், அதில் குதிரை கட்டினால் நம் எல்லோருக்கும் அவமானம் என்றார்.

நெட்டச்சி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் கிணற்றின் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவளுக்குப் போதும்.

"குறி போடறோம் சாமி. குளத்துல ஒரு பக்கப் படி எங்களுக்கு வேணும்."

பெரியவர் ஓலை எழுதுகிறவரைப் பார்த்தார். ஓலை எழுதுகிறவர் தரையைப் பார்த்தார். பிறகு பெரியவர், கிழக்குப் படியை எடுத்துக்கொள்ளுங்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்றார்.

"அதையும் இந்த ஓலையிலயே எழுதிடுங்க."

"இது ஆளுநருக்குப் போற ஓலை தாயி. நம்ம வீட்டு விஷயத்தை அவன் முன்னாடி வைக்கலாமா? நமக்குள்ள எழுத்து எதுக்கு?"

நமக்குள்ளே. அந்தச் சொல்லுக்குள் அவள் அதுவரை இருந்ததே இல்லை. உள்ளே போய்ப் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டிருப்பாள். [இது என் ஊகம். அவளுக்கு ஆசைக்கு நேரமில்லை, குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான் என்று எதிர் மேசைக்காரி சொல்கிறாள். இரண்டையும் விட்டுவைக்கிறேன்.] ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"இந்துன்னா, அதுல நாங்களும் வருவமா?"

"வராம? நீங்க இல்லாம நாங்களா?"

மனுவை ஓலை எழுதுகிறவர் உரக்க வாசித்துக் காட்டினார். இந்துக்களாகிய நாங்கள் அனைவரும் ஒரே ஜனம். மண்டபம் எங்கள் அனைவருக்கும் உரியது. அதில் குதிரை கட்டலாகாது. நாற்பத்தொரு வீட்டாரும் வரிசையில் வந்து ஓலையில் கீறினார்கள். திக்குவாய்க்காரன் எழுத்தாணியை நீட்ட, நெட்டச்சி வாங்கி அவன் வீட்டுக் குறியைத் தானே போட்டாள்: ஒரு பிறை, இரண்டு முனையிலும் ஒரு புள்ளி.

எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதில் போடும் அடையாளத்துக்குத் தற்குறி என்று பேர். தன் குறி. தன்னுடையது. இன்றைக்கு ஆளைத் திட்டத்தான் அந்தச் சொல்லை எடுக்கிறோம். குறியை வாங்கிக்கொண்டு சொல்லை வசவாக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஓலையில் இன்னொரு வரியும் இருந்தது. அதை ஓலை எழுதுகிறவர் வாசிக்கவில்லை.

[முதல் வரைவில் அந்த வரி இருப்பது அவருக்கே தெரியாது. இரண்டாவது வரைவில் மறந்துபோனார். மூன்றாவதில்தான் ஒத்துக்கொண்டேன்: பெரியவர் சொல்லச்சொல்ல எழுதியவர் அவர்தான், வாசிக்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு அதைத் தாண்டினார். எங்கள் வீட்டு ஆள். அவரைக் காப்பாற்ற எனக்கு மூன்று வரைவு ஆயிற்று.]

6

மண்டபம் தப்பியது. குதிரைகளை வேறு ஊருக்கு ஓட்டிப்போனார்கள். ஊரில் மேளம் கொட்டினார்கள். மேளத்துக்குத் தோல் எங்கிருந்து வந்தது என்று எழுதி அடித்துவிட்டேன். எழுதாவிட்டாலும் உங்களுக்கே தெரியும்.

நெட்டச்சி ஒன்பது நாள் பொறுத்தாள். அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று பார்த்தாள். பத்தாம் நாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிக் கிழக்குப் படியில் இறங்கினாள். குளத்தில் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் கூச்சல் போடவில்லை. துவைத்ததைப் பாதியில் விட்டு, நனைந்த துணியோடு ஒவ்வொருத்தியாக மேலேறிப் போனார்கள். தனியாக நின்று குடத்தை நிரப்பினாள். குனிந்தபோது தண்ணீருக்கு அடியில் தன் கால்விரல்கள் தெரிந்தன. அப்படிப் பார்த்தது அதுவே முதல் தடவை. தங்கையின் குழந்தை அன்று மூன்று முறை குடித்தது.

மதியத்துக்குள் ஆட்கள் வந்து நாற்பத்தொரு வீட்டுப் பானை குடங்களை ஒன்று விடாமல் உடைத்தார்கள். தலைவனை இழுத்துப்போனார்கள். மண்டபத்துக்குள் அவன் நுழையக் கூடாதென்பதால் வெளியே ஒரு கல்லில் கட்டினார்கள். பன்னிரண்டு அடி. வார் அவர்கள் குழியில் பதமானதுதான். ஏண்டா, என்ன தைரியம்டா என்று பெரியவர் கேட்டார். 'வாங்க' போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அவன் பதில் சொல்ல வாயெடுத்தான்.

"கி... கி... கி..."

கிழக்கு என்று சொல்ல வந்திருக்கலாம். கிணறு என்றும் இருக்கலாம். அடி முடிகிறவரை அவனுக்கு அந்த வார்த்தை வரவில்லை. எழுதுகிறவன் என்ற அதிகாரத்தில் நான் அதை முடித்துவைத்திருக்கலாம். செய்யவில்லை.

7

அன்று மதியமே நெட்டச்சி முகாமுக்கு நடந்தாள். சேணம் கொண்டுபோய்ப் பழக்கமான வழி. துபாஷி அடையாளம் கண்டுகொண்டார். தண்ணீர் கொடுத்தார், அவர் கொடுத்த குவளையை அவள் தொட்டபோது யாரும் எழுந்து போகவில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு உள்ளே போய் அந்த ஓலையை எடுத்துவந்து, வாசிக்காமல் விட்ட வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினார்: எங்கள் ஜனத்துக்குள் எழும் வழக்குகளை எங்கள் பெரியவர்களே எங்கள் வழக்கப்படி தீர்த்துக்கொள்வார்கள், அதில் ஆளுநர் தலையிடலாகாது.

ஓலையின் அடியில் இருந்த பிறையைக் காட்டினார்.

"இது உங்க குறிதானே?"

"என்னுதுதான்."

"ஆளுநர் வாக்குக் குடுத்துட்டாரும்மா. போன மாசம் வந்திருந்தா நீங்க தனி ஜனம், ஊர்க்காரன் உங்களை அடிச்சான்னு நான் கூப்பிட்டு விசாரிச்சிருப்பேன். இப்ப நீங்க எல்லாரும் ஒண்ணு."

அவள் அந்தக் குறியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அதை அழிக்க முடியுமா என்று கேட்டாள். மையால் எழுதியதென்றால் பார்க்கலாம், கீறியதை எப்படி அழிப்பது என்றார். அவர் கெட்டவரில்லை. இந்தக் கதையில் யாரும் அப்படியொன்றும் கெட்டவரில்லை.

வாய்க்காலை ஆளுநர் வெட்டவில்லை. அவர் வரும்போதே அது இருந்தது. எவ்வளவு அகலம் என்று ஊருக்குத் துல்லியமாகத் தெரியும். அவர் ஆட்கள் செய்ததெல்லாம் இரண்டு கரைக்கும் சேர்த்து ஒரு பேர் கொடுத்ததுதான். அந்தப் பேரை வாங்கி அந்தக் கரைக்காரர்களை உள்ளே வைத்துப் பூட்டியது ஊர். குழுத் தலைவர் கேட்ட ஒற்றுமை இதுதான் என்று —

[கட்டுரை ஆகிறது. நிறுத்துகிறேன்.]

8

முடிவுகள்.

நான் முதலில் எழுதியது: ஓலை எழுதுகிறவர் மனம் பொறுக்காமல் நெட்டச்சி வீட்டு வாசலில் வந்து நின்று அழுகிறார், எழுத்தாணியை உடைத்து வாய்க்காலில் எறிகிறார். எனக்கு எழுதும்போதே கண் கலங்கியது. எதிர் மேசைக்காரி வாசித்துவிட்டு, அடி வாங்கினது அவங்க, அழறது மட்டும் எதுக்கு சார் இவரு என்று கேட்டாள். கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: தோல்காரர்கள் செத்த மாட்டை எடுக்க மறுக்கிறார்கள். ஊர் நாறுகிறது, கோபத்தில் நாலு குடிசையைக் கொளுத்துகிறது. பெரியவர் வாய்க்காலைத் தாண்டி வந்து கையைப் பிடிக்கிறார். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஏன் என்று யோசித்தேன். நாறுகிற ஊரில் நான் இல்லை, எரிகிற குடிசையிலும் நான் இல்லை. அவர்களைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு நான் மேசையில் உட்கார்ந்து வெற்றி பெறுகிறேன். கிழிக்கவில்லை, ஆனால் சேர்க்கவும் இல்லை.

மூன்றாவது: நாற்பத்தொரு வீட்டாரும் ஆளுநரின் மதத்துக்கு மாறுகிறார்கள். அங்கே ஒரு கிணறு கிடைக்கிறது. சில வருடம் கழித்து அந்தக் கிணற்றுக்கும் ஒரு பக்கம் —

குழுத் தலைவர் முழுவதையும் வாசித்தார். நன்றாக வந்திருக்கிறது என்று மனசாரச் சொன்னார். சாதி என்ற சொல்லைத் தொழில் என்று மாற்றினார். பிறகு பென்சிலால், நெட்டச்சி குறி போடுகிற இடத்தில் ஒரு கோடு இழுத்து, இதுவே அழகான முடிவு என்றார். அப்படியே அச்சாகிவிட்டது. படியைக் கேட்டது, நமக்குள்ளே எழுத்து எதற்கு என்றது எல்லாம் இடம் போதாமல் போயின. 'இவ்வாறு அனைவரும் ஒன்றாக நின்று மண்டபத்தைக் காத்தனர்' என்று ஒரு கடைசி வரி கேட்டார், எழுதிக்கொடுத்தேன். அந்தக் கட்டத்துக்குள் ஒரு பொய் கிடையாது. எல்லாம் என் வாக்கியங்கள். நிறுத்திய இடம் மட்டும் அவருடையது. பிழை இல்லை என்று அடியில் கையெழுத்துப் போட்டவன் நான்.

கீழே கொஞ்சம் வெள்ளை இடம் மிஞ்சியது. மக்கள் கைகோத்து நிற்கிற மாதிரி ஒரு படம் போடச் சொன்னார்கள். எதிர் மேசைக்காரி வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்தாரை எல்லாம் வரைந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அவங்களை எந்த இடத்துல சார் நிறுத்தறது?"

எல்லாரையும் ஒரே மாதிரி வரைந்துவிடச் சொன்னார் தலைவர், யார் என்னவென்று தெரியக் கூடாதென்று. வரைந்தாள். வேலை இது. கோபம் வரவில்லையா என்று கேட்டேன். பஸ் போயிடும் சார் என்று பையை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்றாள். என் மூன்று முடிவையும் அவள் வாசித்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்குப் பானையெல்லாம் உடைச்சிட்டாங்கல்ல. சாயங்காலம் அவங்க தண்ணிய எதுல எடுத்தாங்க?"

நான் அழுகையை யோசித்திருந்தேன், கலகத்தை யோசித்திருந்தேன், மதமாற்றத்தைக்கூட யோசித்திருந்தேன். இதை யோசிக்கவில்லை. நாற்பத்தொரு வீடு, ஒரு குடம்கூட மிச்சமில்லை, பழுப்புத் தண்ணீரை மொள்ளக்கூட ஒன்றுமில்லை. அடிபட்டுக் கிடக்கிற ஒருவன், எட்டு மாதக் குழந்தை ஒன்று, அரைக் காதம் நடந்து திரும்பி வருகிற ஒருத்தி.

தெரியவில்லை என்றேன். அவள் போய்விட்டாள்.

எனக்கு இன்னும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரிய வேண்டியிருந்ததில்லை. இந்தக் கதைக்கு முடிவு வேண்டுமென்றால் அந்தச் சாயங்காலத்திலிருந்துதான் அதை எழுத வேண்டும், அது என்னால் ஆகாது. உங்களுக்குத் தெரிந்திருந்தால், அல்லது உங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால், எழுதுங்கள். தெரியாவிட்டால் தயவுசெய்து எதையும் முடித்துவைக்காதீர்கள்.